மணத்தேட்டமும் நிழற்படமும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியர் என்ற முறையில் நாம் இலக்கியம் பற்றியே எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ நிழற்படம். அதிலும், மணமகன் மணமகள் தேடுவோர் இணையத்தில் இடுகின்ற நிழற்படம். விழா மலருக்கு இது தகுமோ என ஐயுறுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

இப்பொருளை எம்மிடம் கொணர்ந்தவர்கள் எம் பழைய மாணவர்களே. கடந்த சில ஆண்டுகளாக, விடுமுறைக்கு ஊர் திரும்புகின்ற இளைஞர் பலர் எம்மை நாடி வருகின்றனர். கைத்தொலைபேசியிலே மணத்தேட்டத்திற்கெனத் தாம் எழுதிய அறிமுகக் குறிப்பைக் காட்டி, “தமிழ் சரியா இருக்கா, பாத்துத் தாங்க சேர்” என்பர். குறிப்பைத் திருத்துதல் எளிது. அதன் மேலே நிற்கும் படங்களைத் திருத்துதல் எளிதன்று. பலரிடம் தனித்தனியே கூறியதை ஒருங்கு தொகுத்துரைத்தல் இனி வருவோர்க்கும் பயன்படும் என்னும் கருத்தாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

முன்னோர் எழுதிய படங்கள்

மணம் நாடுவோர் உருவப்படத்தைத் துணைக்கொள்ளுதல் புதிய வழக்கமன்று. மடலேறும் தலைவன் தலைவியின் உருவம் தீட்டிய கிழியைக் கையிலேந்தி ஊர்த் தெருவிலே வருவான் என்பது அகப்பொருள் மரபு. உசை என்னும் இளவரசி கனவிலே கண்டவன் இன்னான் என்று அறியாது வருந்தியபொழுது, தோழி சித்திரலேகை அரசிளங்குமரர் பலரின் உருவங்களை எழுதிக் காட்ட, அவருள் அநிருத்தனை அவள் இனங்கண்டாள் என்பது பாகவதக் கதை. இக்காலத்தார் கைத்தொலைபேசியிலே விரலால் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்களைத் தள்ளிப் பார்ப்பதும் ஏறத்தாழ அதுவே. சித்திரலேகை உள்ளதை உள்ளவாறு எழுதினாள் என்பதொன்றே வேறுபாடு.

எம் கருத்துக்கு இவற்றினும் நெருங்கியது சீவக சிந்தாமணியில் வரும் நிகழ்ச்சி. அசனிவேகம் என்னும் மதயானையிடமிருந்து குணமாலையைச் சீவகன் காத்தான். பின்னர் அவளை நினைந்து படமெழுதப் புகுந்தவன், மஞ்சத்தில் அமர்ந்து மாலை சூடிய கோலத்தில் அவளை எழுதவில்லை. யானையை அஞ்சி நடுங்கி நின்ற அந்நிலையிலேயே எழுதினான். காந்தருவதத்தை அப்படத்தைக் கண்டவுடனேயே ஊடினாள் எனின், அதில் இருந்த உயிர் எத்தகையதென உணரலாம். ஒருவர் ஒரு நிகழ்ச்சியின் நடுவே நிற்கும்பொழுதுதான் அவருடைய இயல்பு வெளிப்படுகின்றது. திருத்தக்கதேவர் அன்று அறிந்திருந்த இவ்வுண்மையையே இன்றைய படக்கலைஞர் “செயற்படம்” என்று கூறி நமக்குக் கற்பிக்கின்றனர்.

மலைநாடும் நிழற்படமும்

நிழற்படக் கலையின் வரலாற்றிலே எம் மலைநாட்டுக்கும் ஓரிடமுண்டு. பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்திலே யூலியா மாகிரற் கமரன் என்னும் அம்மையார் துயில்கின்றார். 1815 ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த இவர், தம் நாற்பத்தெட்டாம் வயதிலே மகளும் மருமகனும் அளித்த ஒளிப்படக் கருவியைக் கொண்டு பயிலத் தொடங்கி, இங்கிலாந்தின் புகழ்மிக்க அறிஞர் பலரின் முகங்களைப் படமாக்கியவர். 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். 1879 ஆம் ஆண்டு சனவரி 26 ஆந் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே காலமானார். இங்கிருந்த காலத்தில் தோட்டத் தொழிலாளர் சிலரையும் களுத்துறைக் குடியானவர்களையும் அவர் படமெடுத்தார். அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. அப்படங்களிலே எம் முன்னோரின் முகங்கள் உள, பெயர்கள் இல.

அக்காலத்துக் கண்ணாடித் தட்டுகளில் ஓர் உருவம் பதிவதற்குப் பல செக்கன்கள், சிலபோது நிமிடங்களும் சென்றன. அதுவரை அசையாது இருத்தல் வேண்டும். பழைய படங்களில் எவரும் சிரியாமைக்கு இதுவும் ஒரு காரணம். கமரன் அம்மையார் இலங்கையில் வாழ்ந்த அதே 1878 ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே மைபிரிட்ச் என்பார் பன்னிரண்டு கருவிகளை வரிசையாக நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரு கணம் நிலத்தை விட்டு நீங்குவதைப் பதிவுசெய்து காட்டினார். அசைவும் படத்துள் அடங்கலாயிற்று.

அதன் பின்னர் எம் மலைகளிலே மிகுதியாக எடுக்கப்பட்ட படம் யாது என வினவின், கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் என்பதே விடையாகும். 1890 இல் கொழும்பிலே தொடங்கப்பெற்ற பிளாட்டே முதலிய நிறுவனங்களின் அஞ்சலட்டைகளிலும், தேயிலைப் பெட்டிகளிலும், சுற்றுலாச் சுவரொட்டிகளிலும் அவள் கூடை சுமந்து நிற்கின்றாள். விரல்கள் கொழுந்தைக் கிள்ளும் கணம், தலையிலே கயிறு, இதழிலே புன்னகை. அதுவும் செயற்படமே. ஆனால் அதனை எடுத்தவர் வேறு, விற்றவர் வேறு, பார்த்து மகிழ்ந்தவர் வேறு. அவளுடைய வீட்டிலோ பெரும்பாலும் அவள் படம் இருக்கவில்லை.

எம் குடும்பத்திலும் அவ்வாறே. எம் பாட்டனாரின் உடன்பிறந்தார் ஒருவரின் முகத்தை நாம் அறிவது ஒரேயொரு படத்தால். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாகியபொழுது, கடவுச்சீட்டுக்கென அவர் எடுத்த படம் அது. மனைவியும் மக்களும் சூழ, நேரே நோக்கி, சிரியாமல் நிற்கின்றார். எம் பாட்டனார் தம் தமையனாரை நினைக்குந்தோறும் அப்படத்தையே பார்ப்பார். “அண்ணே எப்பவும் சிரிச்ச மொகமா இருப்பாரு. இதுல மட்டுந்தான் இப்பிடி” என்பது அவர் வழக்கமாகக் கூறும் சொல். ஒரு மனிதனின் உருவம் முழுவதும் இருந்தும் அம்மனிதன் இல்லாத படம் உண்டு என்பதை அன்றே அறிந்தோம்.

இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசி உளது. எம்மவர் முதன்முறையாகத் தம் படத்தைத் தாமே எடுத்துத் தாமே தெரிந்து தாமே உலகுக்குக் காட்டும் நிலையில் உள்ளனர். இவ்வுரிமையை நாம் எவ்வாறு கையாளுகின்றோம் என்பதே கேள்வி.

இரவல் உந்துருளி

கொழும்பில் ஒரு துணிக்கடையிலே கணக்கெழுதும் எம் பழைய மாணவர் ஒருவர், சென்ற தீபாவளி விடுமுறையில் எம்மைக் காண வந்தார். மணத்தேட்டத்திற்கென ஐந்து படங்கள் இட்டிருந்தார். ஒன்றில் உந்துருளியின்மேற் சாய்ந்து நின்றார். மற்றொன்றில் பெரிய விடுதியின் முன்கூடத்தில் இருந்தார். மூன்றாவதில் பளு தூக்கினார். நான்காவதில் எவரோ ஒருவரின் மோட்டார் வண்டிக் கதவைத் திறந்தார். ஐந்தாவது முகம் மட்டும். அம்முகம் பால்போல் வெளுத்திருந்தது. “யாரப்பா இது?” என்று கேட்டோம். “நான்தான் சேர்” என்றார், சிறிது நாணி.

“தோட்டத்தில் எடுத்த படம் ஒன்றும் இல்லையா?”

“லயத்துக் காம்பராவப் போட்டா யாரு சேர் பாப்பாங்க?”

இக்கேள்விக்கு எம்மால் உடனே விடை கூற முடியவில்லை. தோட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் மாறுவோரை நாமும் கண்டிருக்கின்றோம். அவருடைய அச்சம் கற்பனையன்று.

எனினும் அவர் மேலும் ஒன்று கூறினார். முன்னொருமுறை அவ்வுந்துருளிப் படத்தைக் கண்டு ஒரு பெண் வீட்டார் பேச்செடுத்து வந்தனராம். வந்தவிடத்தில் பெண்ணின் தம்பி, சிறுவன், “அண்ணே, பைக்ல ஒரு சுத்து கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்டிருக்கின்றான். உந்துருளி நண்பருடையது, இவருக்கு ஓட்டவும் தெரியாது. வந்தவர்கள் ஒன்றும் கூறவில்லை. தேநீர் அருந்தினர், விடைபெற்றனர், பின்னர் ஒரு சொல்லும் அனுப்பவில்லை. கொழுந்து மலையிலிருந்து திரும்பிய தாயார், படங்கு கட்டிய இடையோடே வாசலில் நின்று, “பைக் இல்லன்னு அவங்க போகலப்பா” என்று மட்டும் கூறினாராம்.

பிறரைக் குறை கூறுமுன் எம் குறையையும் ஒப்புக்கொள்ளுதல் முறை. எமக்குப் பெண் பார்த்த காலத்தில், நகரிலுள்ள நிழற்படச்சாலை ஒன்றுக்குச் சென்றோம். அங்கே வாடிக்கையாளர்க்கென ஒரு கோட்டும் கழுத்துப்பட்டியும் ஆணியிலே தொங்கின. அவற்றை அணிந்து, பளிங்குப் படிக்கட்டு வரைந்த திரையின் முன்னே நின்றோம். திருமணமான முதல் மாதத்திலே எம் துணைவியார், “அந்த டை எங்கே? ஒரு நாளும் கட்டவில்லையே” என வினவினார். உண்மையைக் கூறினோம். அவர் சிரித்தார். அவர் சிரித்தமை எம் நற்பேறு. ஆயினும் அக்கழுத்துப்பட்டியைப் பற்றிய பேச்சு இன்றளவும் எம் இல்லத்தில் ஓயவில்லை.

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்” என்னும் பழமொழியைச் சிலர் இதற்குத் துணைக்கழைப்பர். ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி ஒரு கல்யாணம் என்பதே அதன் பழைய வடிவம் என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், படத்தைப் பார்த்தவர் ஒருநாள் ஆளையும் பார்க்கத்தான் போகின்றார். படம் ஆளைவிட அழகாயிருப்பின், முதற் சந்திப்பே ஏமாற்றமாக முடியும். ஆளைப் போன்றே படமும் இருந்து, அதுவும் ஆள் நன்றாயிருக்கும் கணத்தில் எடுத்ததாயிருப்பின், அதுவே நல்ல படம்.

எடுக்கும் முறை

இனி, முறையை விளக்குவாம். நாம் படக்கலைஞர் அல்லோம். பள்ளி விளையாட்டுப் போட்டிகளையும் கலைவிழாக்களையும் பல்லாண்டு படமெடுத்துப் பெற்ற பழக்கமும், அறிந்தோரிடம் கேட்டுக்கொண்டவையுமே ஈண்டுத் தரப்படுகின்றன.

முதலாவது ஒளி. இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருத்தலால், நண்பகலில் ஞாயிறு ஏறத்தாழத் தலைக்கு மேலேயே நிற்கும். அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் ஏப்பிரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் அது முற்றாக உச்சியிலேயே நிற்கும். அவ்வேளையில் புருவத்தின் நிழல் கண்களில் விழுந்து குழி போலக் காட்டும். நுவரெலியாவின் வசந்த காலமாகிய ஏப்பிரலிலே, கிரகறி வாவிக் கரையில் நண்பகலில் எடுத்த படங்களில் அழகர்களும் நோயாளர் போலத் தோன்றுவது இதனாலேயே. காலை எட்டரை மணிக்கு முன்னரும் மாலை நான்கரைக்குப் பின்னரும் எடுத்தல் நன்று.

நம் மலைநாட்டுக்கு இயற்கை அளித்த கொடை ஒன்றுண்டு, அது மூடுபனி. நகரத்துப் படச்சாலைகளிலே வெண்துணி கட்டி ஒளியை மென்மையாக்குகின்றனர். இங்கோ மலை முழுவதும் வெண்துணியாகின்றது. மூடுபனியில் நிழல் கடுமையாக விழாது. முகத்தின் ஒவ்வொரு பகுதியும் மென்மையாகத் தெரியும். ஆனால் ஒன்று: சூழவுள்ள வெண்மையைக் கண்டு, ஒளி மிகுந்துவிட்டதெனக் கருவி மயங்கி, முகத்தைக் கருக்கிவிடும். ஆகவே திரையிலே முகத்தைத் தொட்டு, அம்முகத்துக்கு ஏற்ப ஒளியைச் சிறிது கூட்டுதல் வேண்டும்.

இரண்டாவது தொலைவு. தம் கையாலேயே தம்மைப் படமெடுப்போர் கருவியை முகத்துக்கு 30 சென்ரிமீற்றர் அளவில் பிடிக்கின்றனர். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 சென்ரிமீற்றர் எனக் கொண்டால், மூக்கு 30 இலும் காது 42 இலும் இருக்கும். அண்மையிலுள்ளது பெரிதாகத் தோன்றுதல் இயல்பாதலால், காதோடு ஒப்பிட மூக்கு இரண்டு பங்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய மிகைத்துக் காணும். இரண்டு மீற்றர் தொலைவில் நின்று பிறர் எடுப்பின் இவ்வேறுபாடு நூற்றுக்கு ஆறளவாகச் சுருங்கும். ஆதலால் தம்பியிடமோ தங்கையிடமோ கருவியைக் கொடுத்து, இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நிற்கச் செய்க. கண்ணாடி வில்லையைத் துணியால் துடைத்துக்கொள்க. மங்கிய படங்களிற் பாதிக்குக் காரணம் விரலின் எண்ணெயே.

மூன்றாவது விரைவு. செயற்படத்தின் உயிர்நிலை இதுவே. மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் நடப்பவர், 1/30 செக்கனில் நாலரைச் சென்ரிமீற்றர் அளவு முன்னே செல்வார், படம் கலங்கும். 1/500 செக்கனில் மூன்று மில்லிமீற்றர் அளவே செல்வார், படம் தெளியும். ஓட்டத்துக்கும் பந்தாட்டத்துக்கும் 1/500 முதல் 1/1000 வரை வேண்டும். அத்துணை விரைவுக்கு நல்ல ஒளி தேவை. ஒளி குறைந்தவிடத்து உச்சக் கணத்தை நோக்குக. கரப்பந்துக்காகத் துள்ளி எழுபவர் மேலே சென்று கீழே வீழுமுன் ஒரு கணம் நின்றது போல இருப்பார். மட்டக்கம்பு வைத்தவர் குனிந்து நிமிரும் இடையிலும், மத்தளத்தில் கை ஓங்கிய முடிவிலும் அத்தகைய ஓய்வு உண்டு. அக்கணத்தைப் பிடித்தால் குறைந்த விரைவும் போதும். பொத்தானை அழுத்திப் பிடிக்க, ஒரு செக்கனுக்குப் பல படங்களைக் கைத்தொலைபேசி எடுத்துத் தரும். இருபதில் ஒன்று நன்றாக அமையும், அது போதும்.

நான்காவது செயலின் தேர்வு. செய்வது போல நடித்தலும் செய்தலும் படத்திலே வேறுவேறாகத் தெரியும். படத்துக்கெனப் புத்தகத்தைப் பிடித்தவர் கருவியையே பார்ப்பார். படிப்பவர் புத்தகத்தைப் பார்ப்பார். ஆகவே நாள்தோறும் செய்வதையே செய்க. ஒரு கால்மணி நேரமேனும் செய்க. முதல் ஐந்து நிமிடத்துப் படங்களை விட்டுவிடுக. கருவியை மறந்த பின்னரே கையும் கண்ணும் இயல்பு நிலையை அடைகின்றன. திருக்குறளிலே குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரால் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலும் இரண்டு அதிகாரங்கள் உள. அரசவையிலும் காதலிலும் முகக்குறிப்பே முதன்மை எனக் கண்டவர் வள்ளுவர். பார்ப்பவர் உம் ஆடையை ஒரு முறை பார்ப்பார். உம் முகக்குறிப்பைப் பலமுறை பார்ப்பார்.

ஐந்தாவது பின்புலம். தலைக்குப் பின்னே மின்கம்பமோ கொடிக்கயிறோ முளைக்காது பார்த்துக்கொள்க. குப்பையை அகற்றுக. வீட்டை மறைத்தல் வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

படங்கள் நான்கைந்து போதும். முகம் தெளிவாகத் தெரிய ஒன்று; முழு உருவம் தெரிய ஒன்று; விருப்பமான செயலில் ஒன்று; இயன்றால், உற்றாருடன், அவர் இசைவு பெற்று, ஒன்று. யாவும் கடந்த ஓராண்டுக்குள் எடுத்தவையாக இருத்தல் நலம்.

செய்யத்தகாதவை

முகத்தை வெளுக்கச் செய்யும் கருவிகள் கைத்தொலைபேசியிலேயே உள. சிலவற்றில் நாம் கேளாமலே அவை இயங்குகின்றன. இக்குறை பழையது. 1950களிலிருந்து நிறப்படத்தைச் சீர்செய்யப் பயன்பட்ட மாதிரி அட்டைகளிலே வெள்ளைப் பெண்ணொருத்தியின் முகமே அளவுகோலாக இருந்தது; கரிய தோலின் நுண்மைகள் அப்படச்சுருள்களில் நன்கு பதியவில்லை. அது கருவியின் குறை, தோலின் குறையன்று. இன்று கருவி திருந்தி வருகின்றது. நாமோ அதன் பழைய குறையைக் கேட்டு வாங்கி முகத்திற் பூசிக்கொள்கின்றோம். வெயிலிலும் பனியிலும் உழைத்த தாய்தந்தையரின் நிறம் நமக்கு வந்தது. அதனை அழித்த படத்தைப் பார்த்து ஒருவர் விரும்பினால், அவர் விரும்பியது நம்மையன்று.

புகையிரத வாயிலிலே தொங்கியவாறு எடுக்கும் படம் இப்பொழுது பெருவழக்காயிருக்கின்றது. எம் பாதையிலே வளைவுகளும் பாறை வெட்டுகளும் சிங்கமலைச் சுரங்கம் போன்ற குகைகளும் மிகுதி. இவ்வாறு தொங்கி உயிரிழந்தோர் உளர். அருவிகளின் வழுக்குப் பாறைகளும் அத்தகையனவே. மணவறைக்கு அனுப்ப எடுக்கும் படம் மரண அறிவித்தலில் வருதல் கூடாது.

இளம்பெண்களுக்கு ஒரு சொல். படத்திலே தோட்டத்தின் பெயர்ப்பலகை, பாடசாலைச் சின்னம், வேலைத்தலத்தின் அட்டை ஆகியன தெரியாதிருத்தல் நன்று. அறியாதவர் அவற்றைக் கொண்டே தேடி வருதல் கூடும். இக்காலத்தில் ஒரு முகத்தை எடுத்து வேறோர் உடலிற் பொருத்துதல் சிறுவர்க்கும் கைவந்த செயலாயிற்று. அவ்வாறு நேரின், நாணமும் அச்சமும் செய்தவனுக்கே உரியன. மகளைக் கடிந்துகொள்ளாது அவள் பக்கம் நின்று முறையிடுதல் பெற்றோர் கடன். மறுதலையாக, நமக்கு வரும் படமும் பொய்யாக இருத்தல் கூடும். முகம் பார்த்துப் பேசி, உறவினர் துணையோடு பொதுவிடத்திற் சந்தித்த பின்னரே நம்புக.

தப்பிசைத்த படம்

மீண்டும் எம் மாணவரிடம் வருவோம். அவருடைய கைத்தொலைபேசியிலே பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு போகையில் ஒன்று எம் கண்ணிற் பட்டது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலே அவர் தப்பு அடிக்கின்றார். தங்கை எடுத்த படம். காலை மூடுபனி, பின்னே லயத்தின் தகரக் கூரை. ஒரு கால் நிலத்தை விட்டு எழுந்திருக்கின்றது. கண்கள் அருகில் நிற்கும் முதியவர் ஒருவரின் கையையே நோக்குகின்றன. முகம் முழுதும் மகிழ்ச்சி. நாம் இதுவரை கூறிய இலக்கணம் அனைத்தும், ஒன்றும் அறியாத அச்சிறுமியின் படத்தில் அமைந்திருந்தன.

“இது நீதானே தம்பி” என்றோம்.

“ஐயோ சேர், இது வேணாம்” என்று திரையை மூடினார்.

காரணத்தை அவர் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. தப்பொலியைக் கேட்டு மகிழ்வோருள்ளும், அதனை அடிப்பவரைச் சாதிகொண்டு அளப்போர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர் என்பதை அவர் அறிவார், நாமும் அறிவோம். காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் மலையகத்தின் கலைச்செல்வம் என மேடைதோறும் பேசுகின்றோம். ஆனால் அக்கூத்துக்கு அடித்தவனின் படத்தைக் கண்டு பெண் கொடுக்கத் தயங்குகின்றோம் எனின், அம்மேடைப் பேச்சும் வரைந்த திரையின் முன் எடுத்த படமே அன்றோ? எம் இரவல் கழுத்துப்பட்டிக்கும் அதற்கும் வேறுபாடு யாது?

ஆயினும் அப்படத்தை இடுமாறு நாம் வற்புறுத்தவில்லை. ஒருவர் தம்மைப் பற்றி எதனைக் காட்டுவது, எதனைக் காட்டாது வைப்பது என்பது அவருடைய உரிமை. மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு. வீட்டைக் காட்டாதிருத்தல் பொய்யாகாது. பிறர் வீட்டைத் தம் வீடெனக் காட்டுதலே பொய். இவ்வளவே கூறினோம். அன்று மாலை பிரட்டுக்களத்திலே இளைஞர்கள் கரப்பந்து ஆடினர். அவரும் ஆடினார். தங்கை எடுத்தாள். உந்துருளியும் விடுதியும் மோட்டார் வண்டியும் நீங்கின. பந்தாட்டமும், வெளுக்காத முகமும், தாயாருடன் வாசலில் நின்ற படமும் ஏறின.

பங்குனி மாதத்தில் அவரிடமிருந்து செய்தி வந்தது. தாமாகவே தப்புப் படத்தையும் சேர்த்துவிட்டாராம். சேர்த்த பின்னர் பேசிக்கொண்டிருந்த இருவர் பேச்சை நிறுத்திவிட்டனர். “பரவால்ல சேர், முன்னாடியே போயிட்டாங்க” என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் வேறொரு தோட்டத்திலே முன்பள்ளி ஆசிரியையாக இருப்பவர். அவர் முதலிற் கேட்ட கேள்வி தொழிலைப் பற்றியதன்று, சம்பளத்தைப் பற்றியதன்று. “பக்கத்துல நிக்கிற ஐயா யாரு? அவரு கையையே பாக்குறீங்களே” என்பது. அவர் எம் மாணவரின் தாத்தா. தப்புக் கற்றுக் கொடுத்தவர். அன்று தொடங்கிய பேச்சு இன்னும் நடைபெறுகின்றது.

அந்த ஒரு கேள்வியை உந்துருளிப் படம் எவரிடமிருந்தும் பெற்றுத் தந்திராது.

கமரன் அம்மையாரின் காலந்தொட்டு நூற்றைம்பது ஆண்டுகளாக, பிறர் எடுத்த படங்களிலே பெயரில்லாமல் நின்றவர்கள் நாம். இன்று கருவி நம் கையில் உளது. நம் கல்லூரியிலிருந்து வெளியேறி உலகின் பல திசைகளிலும் வாழும் பழைய மாணவர்களும், இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் இளைஞர்களும் தத்தம் படத்தைத் தத்தம் முகத்தோடு எடுப்பார்களாக. இம்மலரின் பின்பக்கங்களில் இடம்பெறும் பழைய குழுப்படங்களிலே, தம்முடன் நின்றவர்களின் பெயர்களை நினைவிலிருந்து எழுதி அனுப்புமாறும் பழைய மாணவர்களைக் கேட்டு அமைகின்றோம்.

கல்லூரி அன்னை வாழ்க!